தேளுக்கு வைத்த தேசிக்காய்

ஹம்-ஊன்ட்றொப்
12.11.2024

மச்சான் குணசேகரத்துக்கு,

இந்த நாட்டைப் பிரித்த மதில் உடைந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஜெர்மன்காரர் இத்தாலியில் உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டு இரவெல்லாம் காரில் கொடியோடு ஊதித் திரிந்தார்கள். சதாம் குவைத்துக்குள் போனான். ஊரில் ஆமியின் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தது. இங்கே கிழக்கும் மேற்கும் ஒன்றாகி இரண்டு கிழமை. கால்வாய்க் கரையில் அம்மனுக்குக் கோபுரம் எழும்பாத காலம். நீ கேட்ட படம் அந்த ஐப்பசியில் எடுத்தது. எழுத்துத் தெரியாதவனுக்கு வருடமும் தெரியாது என்று நினைத்தாயோ? 1990.

நான் சுகம். முழங்காலுக்கு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. உன் சுகத்தை உன் கடிதமே சொல்லிவிட்டது. முப்பத்துநாலு வருடம் கழித்து எழுதுகிறவன் முதல் பக்கம் முழுக்க டாங்கியைப் பற்றி எழுதுகிறான் என்றால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் விளங்கியது. நாங்கள் வேலை செய்த ஆங்கிலேயரின் முகாம் வாசலில், பழைய சிப்பாய்களின் சங்கம் ஒரு பழைய ஸ்கோர்ப்பியன் டாங்கியைப் பீடத்தில் ஏற்றப் போகிறது. வைகாசியில் திறப்பு. அந்த டாங்கியைச் செய்த கவென்ட்றித் தொழிற்சாலையில் நீ எஞ்சின் சோதித்தவன் என்பதால் உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் உனக்கு அனுப்பிய பத்திரிகைப் படத்தில் ஏழு பேர். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், அழைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறாய்.

என் முழங்காலைக் கேட்டாய். மகன் பிரவீணனைக் கேட்டாய். என்ன கார் ஓடுகிறேன் என்றுகூடக் கேட்டாய். அந்தப் படத்தில் டாங்கியின் ஓட்டும் துவாரத்தால் தலையை நீட்டிச் சிரிக்கிறவள் என் மனைவி, உன் கூடப்பிறந்த தங்கை. அவளைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

"அவளின் பெயரை இனி எனக்கு எழுத வேண்டாம்" என்று அந்த மார்கழியில் நீ எழுதினாய். அந்தக் கட்டளையை நான் இன்றுவரை மீறவில்லை. ஆறு பேரைச் சொல்லி ஒருவரை விழுங்கவும் எனக்கு ஏலாது. ஆகவே கட்டளையை நீயாக எடுக்கும்வரை படத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றியும் என்னிடமிருந்து வராது.

இதை எழுதுவது யார் என்று கேட்காதே. எழுதத் தெரிந்த ஒருவர்.

கடிதத்தை அன்போடு முடிப்பது உலக வழக்கம் என்பதால், அன்புடன்,
சிவகுருநாதன்


கவென்ட்றி
3.12.2024

அன்பும் பணிவும் கொண்ட அத்தானுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துப் பூசுங்கள். எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. சோதனைக்கூடத்தில் எஞ்சின்களுக்கு அருகில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. தொலைபேசி எனக்கு இப்போது ஒரு மரக்கட்டை. அதனால்தான் கடிதம்.

தாங்கள் ஸ்கோர்ப்பியனை "டாங்கி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். அது என்னவென்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். விமானத்தில் ஏற்றிப் போய் இறக்கி உளவு பார்க்கக்கூடிய வண்டி வேண்டும் என்று படை கேட்டது. உருக்கு பாரம் என்பதால் அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். மொத்தம் எட்டுத் தொன்தான். மலாயா ரப்பர் தோட்டத்தில் இரண்டு மர வரிசைக்கு நடுவே நுழைய வேண்டும் என்று அகலத்தைக் குறைத்தார்கள் என்பது எங்கள் வரைபடக்காரர்கள் சொல்லும் கதை. எஞ்சின் ஜாகுவார் காரினது. மணிக்கு ஐம்பது மைல் ஓடும். உள்ளே மூன்று பேர்: ஓட்டுபவர், சுடுபவர், தளபதி. இவ்வளவையும் ஒரு பெரிய காரின் நீளத்துக்குள் அடக்கினார்கள் அத்தான். அது பொறியியல்.

பிரவீணன் பான் நகரில் சுகமா? பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா? மேல்வீட்டில் யார் இருக்கிறார்கள்? கோயில் தேருக்கு இந்த வருடமும் கூட்டம் அள்ளியதா?

எழுதுபவரின் கையெழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது. அவருக்கு என் நன்றியைச் சொல்லவும்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
குணசேகரம்


ஊன்ட்றொப்
6.1.2025

மச்சான்,

புதுவருட வாணக் குப்பை இன்னும் தெருவில் கிடக்கிறது. அதற்கு மேலே உன் கடிதம். சுகத்துக்குக் குறைவில்லை. நல்லெண்ணெய் பூசினேன். இப்போது முழங்கால் நோகிறது, மணக்கவும் செய்கிறது.

ரப்பர் மரத்துக்கு நடுவே நுழையவென்று அகலம் குறைத்தார்களாம். பிறகு அதைக் கொண்டுவந்து ரப்பர் மரமே இல்லாத நாட்டில் நிறுத்தினார்கள். இங்கே நுழைய இருந்தது பீற்றூட் வயல். அதற்கு யாரும் அகலம் பார்ப்பதில்லை.

அலுமினியமாம். எங்கள் முகாம் சமையலறையில் அலுமினியச் சட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. பாத்திரம் கழுவிய ஆரூரனுக்குக் கோபம் வந்தால் கரண்டியால் ஒரு போடு போடுவான், நெளிந்துவிடும். அந்தச் சாமானுக்குப் பச்சை நிறம் பூசி, மூன்று பொடியன்களை உள்ளே வைத்து, ரஷ்யன் வருகிறானா என்று பார்த்துவிட்டு வா என்று அனுப்பியதற்குப் பெயர் பொறியியல்.

ஜாகுவார் எஞ்சினையும் எனக்குத் தெரியும். குளிர் காலையில் அது இருமும் இருமலுக்கு நான் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பேன். பயிற்சிக்குப் போனால் பின்னால் பெற்றோல் லொறி ஒன்று போகும், கன்றுக்குப் பின்னால் தாய்ப்பசு போகிறதுபோல. திரும்பி வந்தால் கழுவும் மேடையில் என் முன்னால் நிற்கும். சங்கிலிக்குள் சேறு, புல், ஒருநாள் ஒரு விவசாயியின் முள்வேலி முழுதாக. உளவு பார்க்கப் போன வண்டி வேலியைக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. நீ என்னை "அத்தான்" என்று எழுதுகிறாய். நான் உனக்கு எப்படி அத்தான் ஆனேன்? வானத்திலிருந்து குதித்தேனா? நடுவில் ஒருத்தி நிற்கிறாள். அவளைத் தூக்கிவிட்டால் நீ யாரோ, நான் யாரோ.

அன்று நீ எழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது யார் என்று யோசித்தாயா? எனக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தது ஒருத்திதான். "அவளின் பெயரை இனி எனக்கு எழுத வேண்டாம்" என்ற வரியையும் அவள்தான் வாசித்தாள். குரல் மாறாமல் வாசித்தாள். மடித்து வைத்துவிட்டு, "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றாள்.

உன் நன்றியைச் சொன்னேன். எழுதுபவர் பேனையை மூடித் திறந்தார்.

வேறு விசேஷம் இல்லாத,
சிவகுருநாதன்


கவென்ட்றி
9.2.2025

அத்தானுக்கு,

தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே பனியும் மழையும் மாறி மாறி.

வேலியைப் பார்க்காதது ஓட்டியவன், வண்டி அல்ல. 1982 சண்டையில் தென் அத்திலாந்திக் தீவுகளில் மனிதன் கால் வைத்தால் முழங்கால்வரை புதையும் சதுப்பு. பெரிய டாங்கிகள் அங்கே போவதையே யாரும் யோசிக்கவில்லை. ஸ்கோர்ப்பியன் ஓடியது. பாலைவனத்திலும் ஓடியது. பல நாடுகள் வாங்கின. குறை இருந்ததை நான் மறைக்கவில்லை. பீரங்கி சுட்டால் புகை உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்குள் போனது. அதனால் பிற்காலத்தில் பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றி, ஒதுக்கிய வேறொரு கவச வண்டியின் கோபுரத்தை உடம்பில் பொருத்தினார்கள். பெற்றோல் எஞ்சின் போய் டீசல் வந்தது. அதன் உடன்பிறந்த வண்டிகள் இரண்டு வருடம் முன்புவரை சேவையில் இருந்தன. நம்மில் எத்தனை பேர் அவ்வளவு காலம் உழைத்தோம்?

தாங்கள் கேலி செய்யலாம். ஓர் ஆமிக்குப் பயந்து ஓடிவந்து இன்னோர் ஆமியின் வண்டிச் சேற்றைக் கழுவியவர் தாங்கள். நானாவது செய்தவன்.

அந்தப் படத்தின் கதையை என் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இங்கே தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அது கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. "ஊரிலை ஆமி குண்டு போடுது, குணசேகரத்தாற்ற குடும்பம் இஞ்ச ஆமியின்ர டாங்கிக்குப் பூசை செய்யுது" என்று ஒருவர் எல்லோர் முன்னும் சொன்னார். தேநீர்க் கோப்பையை வைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

வைகாசியில் வருகிறேன். தங்களுக்குச் சிரமம் வேண்டாம். ஹம்மில் ஹொட்டல் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குணசேகரம்


ஊன்ட்றொப்
17.3.2025

மச்சான்,

நலந்தான். கண் வைத்தியரிடம் தெர்மின், போகக் குறித்த நேரம், இருந்தது. தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறதாம். உன்னை வைத்து எனக்கு அது முன்பே தெரியும்.

ஸ்கோர்ப்பியன் என்றால் தேளாம்; வாலைக் கழற்றி வேறு வால் வைத்த தேள் என்கிறாய். விஷம் கொட்டியது தன் முதுகிலேயே என்கிறாய். இதைப் பீடத்தில் ஏற்றுகிறார்கள், நீ கைதட்டப் போகிறாய். ஹொட்டலில் இரு. காலையில் ரொட்டியும் ஜாமும் தருவார்கள். உனக்குப் பொருத்தம்.

சேறு கழுவினேன், உண்மை. அந்தத் தண்ணீரில் என் மகன் படித்தான். அதற்கு மேல் பேசாதே.

பூசை நடந்த கதையைக் கேள்விப்பட்டவன் வாயால்தான் கேட்டிருக்கிறாய். பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன், கேள். சதாமோடு சண்டைக்கு முகாமிலிருந்து வண்டிகள் போகத் தயாரான நேரம். அதற்கு முந்திய கிழமை நான் ஒரு பழைய ஓப்பல் வாங்கினேன். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம், எல்லாரும் செய்கிறதுதான். அதை டேவி என்ற பொடியன் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்கோர்ப்பியன் ஓட்டுகிறவன். பால் வடியும் முகம். மறுநாள் உன் தங்கை வேலை செய்த சமையலறை வாசலில் வந்து தன் வண்டியையும் சில்லையும் காட்டிக் கைப்பாஷையில் கேட்டான். "எனக்கும்."

பச்சைத் தேசிக்காய் அந்தக் காலத்தில் இங்கே எங்கே? தலைமைச் சமையல்காரி லின்டமான் அம்மா, மீனுக்கு வைத்திருந்த மஞ்சள் தடியன் காய்களைக் கூடையோடு கொடுத்தாள். ஆரூரன் குனிந்து வண்டியைப் பார்த்துவிட்டு உன் தங்கையிடம் சிரித்தான்.

"அக்கா, இதுக்குச் சில்லு பக்கத்துக்கு அஞ்சு. பத்துத் தேசிக்காய் வேணும்."

"பத்தெண்டால் பத்து. காருக்கே நாலு வைச்சனாங்கள். இதுக்குக் குறைச்சால் கோவிக்காதோ?"

"உது சங்கிலியிலை ஓடுறது அக்கா. முன்னுக்கு ரெண்டு வைச்சால் காணும்."

"நீ சட்டியைக் கழுவு. எனக்கு விளங்கப்படுத்தாதை."

கூட வேலை செய்த சந்திரகாந்தி முகத்தைச் சுளித்தாள். "ஆமிக்காரன்ர சாமானுக்கு என்னத்துக்கு உது?"

"ஆமிக்கு இல்லையடி. உள்ளுக்கு இருக்கிற மூண்டு பொடியளுக்கு."

இவ்வளவுதான் பூசை. பத்துக் காயும் சங்கிலிக்கு முன்னால் வரிசையாக வைத்தாயிற்று. டேவிக்கு ஒரு பிழையான எண்ணம். காருக்குக் காய் வைத்துவிட்டு என் பக்கத்து ஆசனத்தில் ஏறிய உன் தங்கையை அவன் ஓட்டுகிறவள் என்று நினைத்திருந்தான். அவன் நாட்டு வண்டியில் ஓட்டுகிறவர் அந்தப் பக்கம். காயை வைத்தவர்தான் வண்டியை ஏற்ற வேண்டும், அதுதான் வழக்கம் என்று முடிவுகட்டினான். அப்படி ஒரு வழக்கம் எங்கும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி அந்தத் துவாரத்துக்குள் இறங்கினாள். அவன் மேலே குப்புறக் கிடந்து இரண்டு நெம்புகோலையும் காட்டினான். காலால் தட்டிக் கியர் போடுகிற வண்டி.

போட்டாள். பத்துக் காயும் சட்டென்று போயின. நிறுத்தத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் போய் என் தகர வாளியையும் நசுக்கிக்கொண்டு நின்றது. உன் டாங்கி வென்றதை என் கண்ணால் கண்டது அந்த வாளியை மட்டும்தான். அப்போதுதான் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். குழாயோடு நின்ற நான் படத்தில் விழவில்லை.

வசந்தத்தில் மூன்று பேரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள். ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் அலுமினியமா, அவளின் தேசிக்காயா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

இப்போது நீ சொல். அதே டாங்கியின் எஞ்சினைச் சோதித்து அனுப்பியவன் நீ. பின்னேரம் சங்கத்துக்குப் போய்த் தேநீர் குடித்தவன் நீ. உன்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ செய்தால் உத்தியோகம், அவள் மீனுக்கு வைத்திருந்த காயை வைத்தால் துரோகம். கோப்பையை வைக்க இடமில்லாமல் நின்றாயாம். என்ன பெரிய கஷ்டம்.

சிவகுருநாதன்

(இங்கே இவர் சொன்ன கடைசி வசனத்தை எழுதவில்லை. எழுதக்கூடியது அல்ல.)


கவென்ட்றி
11.4.2025

அத்தானுக்கு,

சித்திரை வருடப்பிறப்பு வாழ்த்துகள். வீட்டில் உள்ள எல்லோருக்கும்.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன். திறப்பு விழாப் பேச்சை எழுதிவிட்டேன். தேசிக்காய் விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன். தாங்கள் சந்தோஷப்படுவீர்கள் என நினைக்கிறேன். அந்தப் பகுதியின் தமிழ் இது:

"இந்த வண்டியைச் சிப்பாய்கள் மட்டும் நேசிக்கவில்லை. போருக்குப் புறப்படும் முன் முகாமின் சமையற்காரப் பெண் ஒருத்தி, தன் நாட்டு வழக்கப்படி இதன் சங்கிலிகளுக்குக் கீழே பழங்களை வைத்து வாழ்த்தினாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது."

கூட்டத்துக்கு இது பிடிக்கும் என்று சங்கத் தலைவர் சொன்னார். படத்தில் இருப்பவர்களின் விபரம் இன்னும் வரவில்லை. தயவுசெய்து அனுப்பவும்.

குணசேகரம்


ஊன்ட்றொப்
22.4.2025

குணசேகரத்துக்கு,

பேச்சு வந்து சேர்ந்தது. வாசித்துக் காட்டப்பட்டது.

வந்தால் வா. வராவிட்டால் விடு.

சிவகுருநாதன்

(வணக்கம் அங்கிள். நான் மேல்வீட்டுத் தக்சாயினி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன், எழுத்து கோணல் என்றால் மன்னிக்கவும். இன்று என்னை எழுதச் சொன்னார்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாமாம்.)


கவென்ட்றி
26.4.2025

அத்தான்,

ஏன் கை மாறியது?

எழுதியவருக்கு என்ன? சுகமில்லையா? ஆஸ்பத்திரியா? என் கடிதம் சேர்ந்த பிறகா, அதற்கு முன்பேயா? அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்ல வேண்டாமாம் என்று எழுதியிருக்கிறது. எதைச் சொல்ல வேண்டாம்? எனக்குத் தொலைபேசியும் கேளாது. இங்கே மேசைக்கு முன்னால் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

முதல் கடிதத்தின் உறையைக் கண்டதுமே எனக்குக் கை தெரியும். 'ழ'வுக்கு அந்த நீண்ட வால் போடுவதற்கு நான் சின்ன வயதில் எத்தனை தரம் குட்டியிருப்பேன். மாறவில்லை. டாங்கியைப் பற்றி நான் எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நீளமாகச் சொல்வீர்கள். நீளமாகச் சொன்னால் அந்தக் கை நீளமாக எழுதும். அதற்காகத்தான் ரப்பர் மரமும் எஞ்சினும். வேறு எதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பேச்சைக் கிழித்துவிட்டேன்.

கட்டளையை எடுக்கிறேன் அத்தான். தங்கச்சி இருக்கிறாளா? அந்தப் பெயரை எழுதுங்கோ.

குணம்


ஊன்ட்றொப்
4.5.2025

மச்சான்,

உன் கடிதத்தில் முதல் தரமாக டாங்கி இல்லை. ஆகவே சுகமாக இருக்கிறேன் என்று இந்த முறை மனதோடு சொல்கிறேன்.

இதுவும் தக்சாயினியின் கைதான். வேண்டுமென்றேதான் அவளைக் கூப்பிட்டேன். கையைப் பார்த்து ஒன்றையும் கண்டுபிடிக்க உனக்கு ஏலாது. முப்பத்துநாலு வருடம் ஒருத்தி காத்திருந்தாள், நீ ஒரு பக்கம் காத்திருந்து வாசி. கட்டளையை எடுத்துவிட்டாய், பட்டியல் தருகிறேன். இடது பக்கமிருந்து.

தொப்பியோடு நிற்கிறவர் சார்ஜன்ட் பிரிக்ஸ், வண்டியின் தளபதி. புற்றுநோய். மனைவி எழுதி அறிவித்தாள். உன்னைப்போல முப்பது வருடம் எடுக்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் காதை மூடிக்கொண்டு நிற்பது பீரங்கி சுடுகிறவன். பாலைவனத்திலிருந்து வந்தவன் சொந்த ஊரில் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்தான்.

வெள்ளை ஏப்ரனில் லின்டமான் அம்மா. வயது போய், நித்திரையில். நாங்கள் போய் மண் போட்டோம்.

சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறவன் ஆரூரன். கொரோனா வந்த முதல் வருடம். பார்க்கக்கூட விடவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது சந்திரகாந்தி. பத்திரிகையை வெட்டிக் கவென்ட்றிக்கு அனுப்பியது வேறு யாருமில்லை, அவள்தான். போன ஆவணியில் சிறுநீரகம் போய்ச் செத்தாள். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்குத் தினமும் ரசம் கொண்டுபோனது யார் தெரியுமா? "அவளின்ர படத்தைத்தான் வெட்டி அனுப்பினனீங்கள், இப்ப அவளின்ர கையாலை குடிக்கிறியளே" என்று நான் கட்டிலடியில் நின்று கேட்டேன். "நீங்கள் வெளியாலை நில்லுங்கோ" என்று ரசம் கொண்டுவந்தவளிடம் எனக்குத்தான் பேச்சு விழுந்தது. கோபத்தை வைத்திருக்கத் தெரியாத குடும்பம் என்று நினைத்தால், மறுபக்கம் நீ இருக்கிறாய்.

டாங்கியின் மேலே குப்புறக் கிடப்பவன் டேவி. ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டை வரும். "என் சாரதிக்கு" என்று எழுதியிருக்கும். போன நத்தாருக்கு வரவில்லை. தை மாதம் அவன் மகள் எழுதினாள், தோட்டத்தில் நின்றபடி நெஞ்சு நின்றுவிட்டதாம். நீ ஏதோ சதுப்பையும் பாலைவனத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது இந்த வீட்டில் அந்தப் பொடியனுக்காக ஒருத்தி சமைக்காமல் இருந்தாள்.

ஆறு பேர் முடிந்தது. மூச்சை விடு.

அந்தத் துவாரத்துக்குள்ளிருந்து சிரிக்கிறவளுக்கு ஒரு நோயும் இல்லை. உன் பேச்சை வாசித்து முடித்ததும் பேனையை மேசையில் வைத்தாள். "பேர் தெரியாதாம்" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு இந்த வீட்டில் கடிதம் எழுத ஆளில்லை. நீ ஹொட்டலை நிறுத்த வேண்டுமா, வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல உரிமையுள்ளவள் இப்போது எதிரே இருந்து வெங்காயம் உரிக்கிறாள். உன் கடிதம் வந்த நாளிலிருந்து உரிக்கிறாள். இவ்வளவு வெங்காயத்தை யார் தின்பது என்று கேட்டேன். அடுத்ததை எடுத்தாள்.

ஆகவே சங்கத்துக்கு இப்படி எழுது. படத்தில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருவர். வண்டியை ஓட்டியவர். அந்த வண்டியில் ஏறியவர்களிலேயே கொஞ்சம் மூளை இருந்தவர். உன் தங்கை. பெயரை நான் சொன்னேன், தக்சாயினி எழுதக் குனிந்தாள், மேசைக்கு அப்பாலிருந்து வெங்காயக் கை ஒன்று பேனையைக் கேட்டு நீளுகிறது. கொடு பிள்ளை, அவளே எழுதட்டும்.

யோகம்.